குத்துச்சண்டை நினைவுப்பொருள் சேகரிப்பு: எங்கே சறுக்குகிறோம்?

முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் ஜைர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கின்ஷாசாவில் மோதியது 1974 அக்டோபர் 30. ஆனால் அந்தச் சண்டைக்கு முதலில் அச்சான போஸ்டர்களில் செப்டம்பர் தேதிதான் இருக்கும். பயிற்சியின்போது ஃபோர்மனின் வலது கண்ணுக்கு மேலே வெட்டுக்காயம் பட்டதால், செப்டம்பர் 25-இல் நடக்கவேண்டிய சண்டை ஐந்து வாரம் தள்ளிப்போனது. அமெரிக்காவில் அரங்குகளில் திரை கட்டி நேரலையாகக் காட்டினார்களே, அந்தக் குளோஸ்டு சர்க்யூட் காட்சிகளின் டிக்கெட்டில் அக்டோபர் 29 என்று இருக்கும். கின்ஷாசாவில் விடிவதற்கு முன் சண்டை நடந்தது. அமெரிக்காவில் அப்போது முந்தைய நாள் இரவு. ஒரே சண்டைக்கு மூன்று தேதி, மூன்றுமே அசல்.

இது தெரியாதவர் நல்ல போஸ்டரைப் போலி என்று ஒதுக்கிவிடுவார். தேதி சரியாக இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து, நேற்று அச்சடித்த மறுபதிப்பை வாங்கிவிடவும் செய்வார். குத்துச்சண்டைப் பொருட்களைச் சேகரிப்பவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகிறது. பொருளைத் தேடித்தேடிப் பார்க்கிறோம், சண்டையைப் படிப்பதில்லை.

இன்னொரு உதாரணம், அலியும் சன்னி லிஸ்டனும் மோதிய இரண்டாவது சண்டை. முதலில் பாஸ்டன் நகரில் 1964 நவம்பர் 16-இல் நடப்பதாக இருந்தது. அலிக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை செய்யவேண்டி வந்ததால் நின்றுபோனது. கடைசியில் 1965 மே 25 அன்று மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் என்ற சிறு நகரில், சுமார் 2,400 பேர் முன்னிலையில் நடந்து முடிந்தது. லிஸ்டன் தரையில் கிடக்க அலி மேலே நின்று கத்தும் அந்தப் பிரபலமான புகைப்படம் எடுக்கப்பட்டது லூயிஸ்டனில்தான். பாஸ்டன் டிக்கெட் நடக்காத சண்டையின் டிக்கெட். அதுவும் சேகரிக்கத் தகுந்ததுதான், அதற்கென்று ஒரு சுவாரசியமும் உண்டு. ஆனால் அந்தப் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து, 'இந்த இரவின் டிக்கெட்' என்று விற்றால் அது பொய்.

பெயரிலும் இதே கதைதான். காசியஸ் கிளே 1964 பிப்ரவரி 25-இல் லிஸ்டனை வென்று சாம்பியன் ஆனார். அடுத்த மாதமே முகமது அலி என்ற பெயர் வந்துவிட்டது. ஆனால் பல விளம்பரதாரர்கள் அதன் பிறகும் சில ஆண்டுகள் போஸ்டர்களில் 'கிளே' என்றே போட்டார்கள். எனவே 1966-ஆம் ஆண்டுப் போஸ்டரில் கிளே என்று இருந்தால் அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள்.

கையெழுத்து: ஏமாற்று அதிகம் நடக்கும் இடம்

அலியின் கையெழுத்து ஒன்றல்ல. அறுபதுகளில் ஒரு வடிவம், எழுபதுகளில் வேகமாகவும் அகலமாகவும் ஓடும் இன்னொரு வடிவம். 1984-இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்ட பிறகு எழுத்துகள் வரவர சுருங்கின, கோடுகளில் நடுக்கம் வந்தது. அலியின் பிற்காலக் கையெழுத்துகளைப் பார்த்தாலே அவர் உடல்நிலை புரியும். ஒரு புகைப்படத்தை 1998-இல் நேரில் கையெழுத்து வாங்கியது என்று ஒருவர் விற்கிறார், கையெழுத்தோ இளம் அலியின் கம்பீரத்தோடு ஓடுகிறது என்றால், அங்கேயே நின்றுவிட வேண்டும்.

'காசியஸ் கிளே' என்ற கையெழுத்தைப் பார்த்ததும் 1964-க்கு முந்தையது என்று முடிவு கட்டுவதும் தவறு. பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் கேட்டபோது அலி பழைய பெயரிலும் கையெழுத்திட்டிருக்கிறார். அது அசல்தான், ஆனால் இளைஞன் கிளே போட்ட கையெழுத்து அல்ல. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

கையெழுத்து எந்தப் பொருளின் மேல், எந்தப் பேனாவால் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஷார்பி மார்க்கர் சந்தைக்கு வந்ததே 1964-இல். முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் மேக்ஸ் பேர் (Max Baer) 1959-இல் இறந்துவிட்டார். அவர் பெயர் ஷார்பியில் இருந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம். இன்னொரு முன்னாள் சாம்பியன் ராக்கி மார்சியானோ 1969 ஆகஸ்ட் 31-இல் விமான விபத்தில் இறந்தார். லிஸ்டனின் உடல் 1971 ஜனவரி 5-இல் வீட்டில் கண்டெடுக்கப்பட்டது. இவர்கள் பெயர் இருக்கும் கையுறையின் உள் லேபிளையும் தையலையும் பாருங்கள். அந்தக் கையுறை அவர்கள் காலத்தில் தயாரானதுதானா என்ற ஒரு கேள்வி பல போலிகளை வடிகட்டிவிடும். லிஸ்டன் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பெயரை மட்டும் சிரமப்பட்டுப் போடுவார். அவர் பெயரில் அழகாக, சரளமாக ஓடும் கையெழுத்து வந்தால் சந்தேகம் வரத்தான் வேண்டும்.

அப்புறம் பூதக்கண்ணாடி. பல ஆயிரம் தடவை போட்டுப் பழகிய கையெழுத்தில் வேகம் இருக்கும். பேனா தாளைத் தொடும்போதும் விடும்போதும் கோடு மெலிந்து முடியும். பார்த்து வரைந்ததில் கோட்டின் தொடக்கமும் முடிவும் மொண்ணையாக நிற்கும். நடுவில் பேனா தயங்கிய இடத்தில் மை சற்றுத் திரண்டிருக்கும். இதைக் கண்ணால் பழக வேண்டும், அதற்கு உறுதியான அசல்களை நிறையப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சான்றிதழ் இருந்தால் போதுமா?

போதாது. அமெரிக்காவின் எஃப்பிஐ தொண்ணூறுகளில் 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் ஒரு விசாரணை நடத்தி, 1999-இல் பெரிய போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. அந்தக் கும்பல் கையெழுத்தோடு, அதை அசல் என்று சொல்லும் சான்றிதழ்களையும் சேர்த்தே தயாரித்தது. விற்பவரே அச்சடித்துத் தரும் 'அசல் என உறுதியளிக்கிறோம்' என்ற தாளுக்கு நான் எந்த மதிப்பும் தருவதில்லை. பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற வெளி நிறுவனங்கள் பார்த்துக் கொடுத்த சான்றாக இருந்தால், ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இருக்கிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். அந்த எண்ணுக்கு அங்கே பதிவான பொருள் இதுவேதானா? புகைப்படத்துக்குக் கொடுத்த எண்ணைக் கையுறையில் ஒட்டி விற்பதும் நடக்கிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கையெழுத்துக்கான சான்று கையெழுத்துக்கு மட்டும்தான். 'இந்தக் கையுறையில் உள்ள கையெழுத்து அசல்' என்பதற்கும் 'இந்தக் கையுறை சண்டையில் அணிந்தது' என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

அணிந்ததா, கொண்டுவந்ததா?

பெரிய தொகை புழங்குவது இங்கேதான், எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு வீரரின் கையுறை என்றால் அது நான்கு வகையில் ஒன்றாக இருக்கலாம். அந்தச் சண்டையில் கையில் இருந்தது. அந்தச் சண்டைக்காகக் கொண்டுவந்து, மாற்றாக ஓரத்தில் வைத்திருந்தது. பயிற்சி முகாமில் போட்டது. வீரர் போடவே போடாமல் கையெழுத்து மட்டும் இட்டது. விற்பவர் 'அலியின் கையுறை' என்று பொதுவாகச் சொன்னால், நான்கில் எது என்று எழுத்தில் கேளுங்கள். நழுவினால் பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடையைப் பாருங்கள். இன்றைய தொழில்முறைச் சண்டைகளில் 147 பவுண்டு வரை 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10 அவுன்ஸ் கையுறைதான் வழக்கம். 16 அவுன்ஸ் கையுறை ஸ்பாரிங்குக்கு, அதாவது பயிற்சி மோதலுக்கானது. அதைச் சண்டையில் அணிந்தது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கையுறையைக் கட்டும் கயிற்றையும் பாருங்கள். சண்டைக்கு முன் கயிற்றைக் கட்டி, மேலே டேப் சுற்றுவார்கள். அந்த டேப்பில், குத்துச்சண்டையைக் கண்காணிக்கும் ஆணையத்தின் ஆய்வாளர் கையொப்பம் போடுவது உண்டு. சண்டை முடிந்ததும் கத்தரிக்கோலால் வெட்டித்தான் கழற்றுவார்கள். கயிறு முழுசாக, புதுசாக இருந்தால் அதற்கு என்ன விளக்கம் என்று கேட்க வேண்டும்.

ஆணையங்கள் கையுறைகளில் ஏன் இவ்வளவு கவனமாக இருக்கின்றன என்பதற்கு 1983 ஜூன் 16-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்ததே போதும். லூயிஸ் ரெஸ்டோ என்ற வீரரின் கையுறைகளிலிருந்து உள்பஞ்சை எடுத்திருந்தார்கள். அவற்றால் அடி வாங்கிய எதிராளி பில்லி காலின்ஸ் ஜூனியரின் கண்கள் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டன, மறுபடி அவர் ரிங் ஏறவே இல்லை. அந்தக் கையுறைகள் அன்றே ஆணையத்தின் கைக்குப் போயின. ஆகவே, ஒரு பெரிய சண்டையின் கையுறை ரிங்கிலிருந்து யார் கைக்குப் போனது, அங்கிருந்து எப்படி வெளியே வந்தது என்பதற்குக் கோர்வையான பதில் இருக்க வேண்டும்.

அந்தப் பதிலையும் புகைப்படத்தோடு ஒப்பிட்டுத்தான் ஏற்க வேண்டும். அலி அணிந்த கறுப்புப் பட்டை போட்ட வெள்ளை எவர்லாஸ்ட் டிரங்க்ஸ் (எவர்லாஸ்ட் நிறுவனத்தின் அரைக்கால் சட்டை) ஒன்றுபோலவே எத்தனையோ தயாராகின. எந்த ஜோடி எந்த இரவுக்கு உரியது என்பதைச் சின்னச் சின்னக் கோணல்கள்தான் காட்டிக்கொடுக்கும். லேபிளின் ஒரு மூலை சற்றுச் சரிந்து தைக்கப்பட்டிருக்கும், பட்டை இடுப்புப் பட்டியைத் தொடும் இடத்தில் ஒரு நூல் விலகியிருக்கும், ரத்தக்கறை குறிப்பிட்ட ஒரு வடிவில் படிந்திருக்கும். கையுறையில் கட்டைவிரல் பக்கத்துத் தோல் மடிப்புகள் ஒவ்வொன்றிலும் வேறு வேறு. அன்றைய ரிங்சைடு புகைப்படங்களைப் பெரிதாக்கி இவற்றை ஒப்பிடுவார்கள், இதற்கென்றே நிறுவனங்களும் உண்டு. பயிற்சியாளர் குடும்பத்தின் கடிதம் கூட இருந்தால் நல்லதுதான். ஆனால் நேர்மையான மனிதருக்கும் முப்பது வருடத்துக்குப் பிறகு எந்தச் சண்டை, எந்த ஜோடி என்பது குழம்பும். கடிதத்தையும் புகைப்படத்தையும் வைத்து முடிவு செய்யவேண்டி வந்தால் நான் புகைப்படத்தின் பக்கம்தான் நிற்பேன்.

சாம்பியன் பெல்ட் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டபிள்யூபிசியின் (உலக குத்துச்சண்டை கவுன்சில்) பச்சை பெல்ட் உட்பட எல்லா அமைப்புகளின் பெல்ட்டுகளுக்கும் நகல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. நகல் என்று சொல்லி விற்றால் தப்பில்லை. அசல் என்றால் உரிமை எப்படிக் கைமாறியது என்பதற்கு ஆவணம் வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டாவில் உள்ள சர்வதேச குத்துச்சண்டைப் புகழரங்கிலிருந்து 2015 நவம்பரில் முன்னாள் சாம்பியன்கள் கார்மென் பசிலியோ, டோனி ஜேல் ஆகியோரின் ஆறு பெல்ட்டுகளைத் திருடிப்போனார்கள். திருட்டுப் பொருளை அறியாமல் வாங்கினாலும் பொருளும் போகும், பணமும் போகும்.

வாங்கிய பிறகு கெடுப்பது

இதைச் சொல்லும்போது எனக்கு மனசு வலிக்கும். அசலாகக் கிடைத்த பொருளை ஆசையாலேயே கெடுத்துவிடுகிறார்கள்.

டிரங்க்ஸைத் துவைக்காதீர்கள். ரத்தம், வியர்வைக் கறை, டேப்பின் பசை எல்லாம்தான் அந்த இரவின் ஆதாரம். அவற்றை வைத்துத்தான் புகைப்படத்தோடு ஒப்பிட முடியும். தோல் கையுறைக்குப் பளபளப்பு வரட்டும் என்று எண்ணெயோ பாலிஷோ போடாதீர்கள், மை கலைந்துவிடும். வடிவம் குலையாமல் இருக்க உள்ளே செய்தித்தாளைத் திணிப்பது இன்னொரு பழக்கம். அந்தத் தாளில் உள்ள அமிலம் மெல்ல மெல்ல உள்துணியைப் பழுப்பாக்கும். அமிலமற்ற மெல்லிய டிஷ்யூ தாள் வையுங்கள்.

போஸ்டரையும் டிக்கெட்டையும் லேமினேட் செய்தால் அத்தோடு முடிந்தது, திரும்ப எடுக்க முடியாது. கிழிசலில் செலோடேப் ஒட்டினால் சில வருடத்தில் மஞ்சள் கறை உள்ளே இறங்கிவிடும். மலிவான பிவிசி உறையில் வைத்த புகைப்படம் உறையோடு ஒட்டிக்கொள்ளும். ஃபிரேம் போடும்போது பின்னட்டையும் அமிலமற்றதாக இருக்க வேண்டும், படம் கண்ணாடியைத் தொடாமல் இடைவெளி வேண்டும். போஸ்டரைச் சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று ஓரம் வெட்டுபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து சட்டத்தை மாற்றுங்கள்.

எல்லாவற்றையும் விட வெளிச்சம்தான் பெரிய எதிரி. மார்க்கர் மை வெயில் படும் சுவரில் மங்கிக்கொண்டே வரும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அதைத் தாமதப்படுத்துமே தவிர முழுக்க நிறுத்தாது. மங்கிய கையெழுத்தின் மேல் புது மையால் எழுதித் தெளிவாக்குவது மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். அந்த நொடியில் அது அந்த வீரரின் கையெழுத்தாக இருப்பது நின்றுவிடுகிறது.

விலை பற்றி

கின்ஷாசா வெற்றியோடு சேர்ந்த அலியின் டபிள்யூபிசி பெல்ட் 2022 ஜூலையில் ஏலத்தில் 61.8 லட்சம் டாலருக்குப் போனது. இப்படி ஒரு செய்தி வந்ததும் அலி பெயர் போட்ட எல்லாமே ஏறும் என்று வாங்கிக் குவிப்பவர்கள் ஏமாறுவார்கள். அந்த பெல்ட் மிக அரியது. ஆயிரக்கணக்கில் அச்சான நினைவுப் படமும் அதுவும் ஒரே சந்தையில் இல்லை.

குறைந்த செலவில் நேர்மையாகத் தொடங்கவும் வழி உண்டு. பிற்காலத்தில் அலி இஸ்லாம் பற்றிய சிறு பிரசுரங்களில் கையெழுத்திட்டு, சந்தித்தவர்களுக்குச் சும்மா கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் கையால் நீட்டிய அந்தத் தாள், பளபளப்பான சட்டத்தில் வரும் சந்தேகத்துக்குரிய கையுறையை விட எனக்கு எவ்வளவோ மேல். குளோஸ்டு சர்க்யூட் போஸ்டர்களும் நிகழ்ச்சிப் புத்தகங்களும் அப்படித்தான். சண்டை நடந்த அரங்கின் போஸ்டருக்கு ஆகும் விலையில் சிறு பங்குக்கே பல நேரம் கிடைக்கும், ஆனால் அதே காலத்து அச்சு.

எதை வாங்கினாலும் ரசீது, ஏல எண், ஏலப் பட்டியலில் அது வந்த பக்கம், விற்றவர் எழுதிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, பொருளின் புகைப்படங்களையும் நாலு பக்கத்திலிருந்தும் எடுத்துச் சேர்த்து வையுங்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.