ஹெட்செட்டில் கேட்ட கீச்சொலி

டெக்சஸில், வீட்டு கராஜில் நானே கட்டிய ஆர்வி-7 என்ற இருவர் அமரும் சிறிய விமானம். முதல் தடவை இன்ஜினை ஓட்டியபோது ஹெட்செட்டில் ஒரு கீச்சொலி. ஆர்பிஎம் ஏற ஏற அதுவும் ஏறியது. இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை இயக்கும் ஃபீல்டு சுவிட்சை அணைத்தேன், கீச்சொலி நின்றுவிட்டது. ஆனால் ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் காட்டியது, அதில் குறையில்லை.

அப்புறம் ஹெட்செட் ஜாக்கின் வயர்களைக் கழற்றி, அதன் உலோகக் கழுத்துக்கும் அலுமினிய பேனலுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். பீப்! இரண்டும் மின் தொடர்பில் இருந்தன. வயரைச் சுற்றிய உலோக உறையான ஷீல்டு வழியாக ஒரு கிரவுண்டு (மின்சாரம் திரும்பும் பாதை), பேனல் வழியாக இன்னொன்று. அந்த வளையத்தில்தான் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் புகுந்திருக்கிறது. துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்கி, விளிம்பு வைத்த ஃபைபர் வாஷர் போட்டு நான்கு ஜாக்கையும் பேனலில் ஒட்டாமல் பிரித்தேன். ஆடியோ கிரவுண்டு எல்லாம் இப்போது ஒரே இடத்தில். மறுபடி 1,700 ஆர்பிஎம். இன்ஜின் சத்தம் மட்டும்தான், எவ்வளவு நிம்மதி!