3200 ராம் வாங்கினேன், 2133-ல் ஓடியது

குறுவை நெல் போட்ட பணம் வந்ததும், கேம் ஆடக் கம்ப்யூட்டர் வாங்க அப்பா எண்ணிக் கொடுத்தார். "இத்தோட சரிப்பா, அப்பறம் கேக்கப்படாது." கிராபிக்ஸ் கார்டுக்குப் பத்தாது. ரைசன் 5 5600ஜி பிராசஸர் வாங்கி, அதிலேயே இருக்கும் கிராபிக்ஸை வைத்து ஒப்பேற்றலாம் என்று மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன்.

கடையில் 16 ஜிபி ஒற்றை ராமை நீட்டினார்கள். "அண்ணே, ரெண்டு எட்டா குடுங்க" என்றேன். இந்த சிப்பின் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமில்தான் கடன் வாங்கும். 3200 வேக ராம் ஒன்று என்றால் நொடிக்கு 25.6 ஜிபி டேட்டா போகும்; இரண்டை இரண்டு சேனலில், அதாவது தனித்தனிப் பாதையில் போட்டால் 51.2. அதே இரண்டும் 3600 என்றால் 57.6. அந்த ஆறு ஜிபிக்குக் கூடக் காசு கொடுக்க எனக்கு மனசில்லை.

வீட்டில் மாட்டினால் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. டாஸ்க் மேனேஜரில் வேகம் 2133! கடைக்காரரைத் திட்டிவிட்டேன், பாவம். மதர்போர்டின் செட்டிங் பக்கமான பயாஸில், ராமை முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை நான்தான் ஆன் செய்யவில்லை. செய்ததும் 3200 வந்தது, திக்கல் முழுதாகப் போகவில்லை. மதர்போர்டு புத்தகத்தைப் புரட்டினேன். நான்கு ஸ்லாட்டில் முதல் இரண்டிலும் செருகியிருக்கிறேன், இரண்டும் ஒரே சேனல். கழற்றி, பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4-ல் 'டிக்' சத்தம் வரும்வரை அழுத்தினேன்.

ஆன் செய்யப் போனால் கரண்ட் போய்விட்டது. ராத்திரி பத்தரைக்குத்தான் வந்தது. அப்புறம் திக்கவே இல்லை, ஒரு மணி வரை ஆடினேன்.