ஜீப்ரா கோட்டில் விபத்து: ஓட்டுநர் தரப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓட்டுநர்களுக்காகவும் உரிமையாளர்களுக்காகவும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாதாடி வருகிறேன். அண்மையில் என் ஜூனியர் ஒருவர், ஜீப்ரா கோட்டில் முதியவர் மீது மோதிய இளைஞருக்காகச் சமாதானப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். தொழிலின் தொடக்கத்தில் நான் எழுதிய அதே வாசகங்கள் அதில் இருந்தன. குடித்துவிட்டு ஓட்டக் கூடாது, உரிமம் வேண்டும் என்பவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெள்ளைத்தாள் சமாதானம்

அன்று என் கட்சிக்காரரின் இருசக்கர வாகனம், சாலையைக் கடந்த வயதான அம்மா ஒருவர் மீது மோதியது. அவர் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, செலவையும் ஏற்று, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தார். "இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்" என்று நான் எழுதி இரு தரப்பிலும் கையொப்பம் வாங்கினேன். காவல் நிலையத்துக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ தகவல் போகவில்லை. மூன்று வாரம் கழித்து அந்த அம்மா நினைவு தப்பி விழுந்தார். தலைக்குள் மெல்ல இரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தபோது எங்களிடம் சம்பவ இடத்தின் புகைப்படமோ சாட்சியின் பெயரோ இல்லை. அந்தத் தாள் மட்டுமே இருந்தது. "தவறு உங்களுடையது இல்லையென்றால் ஏன் பணம் கொடுத்தீர்கள்?" என்ற குறுக்கு விசாரணைக் கேள்விக்கு என் கட்சிக்காரரால் பதில் சொல்ல முடியவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 134-ஆம் பிரிவு ஓட்டுநரின் கடமைகளைத் தெளிவாகச் சொல்கிறது: காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், சம்பவ இடத்தில் காவலர் இல்லையென்றால் அருகிலுள்ள காவல் நிலையத்தில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், தகவல் சொல்ல வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதன் மூலம் முதல் கடமையை மனசாட்சியோடு நிறைவேற்றிய ஒருவரை, மற்ற இரண்டையும் மீற வைத்தது என் ஆலோசனைதான் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. வாகனத்துக்குச் செல்லுபடியாகும் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது விபத்தில் பாதிக்கப்படும் பிறருக்கான காப்பீடு, இருந்தது. அதைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதே இப்படிப்பட்ட நாளுக்காகத்தான். தவிர, உயிரிழப்பு நேர்ந்தால், கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்ற வழக்கை இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளவே முடியாது.

"குறுக்கே வந்தது அவர்தான்" என்ற ஒற்றை வாதம்

பாதசாரியின் கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டால் இழப்பீடு அந்த விகிதத்தில் குறையும்; ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நாம். சிறு குழந்தைகள் மீது அந்தப் பழியைத் தீர்ப்பாயங்கள் பொதுவாகச் சுமத்துவதில்லை. சிக்னல் இல்லாத கடப்பில் வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் வாகனம் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் கூறுவதால், அங்கே இந்த வாதம் மேலும் வலுவிழக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின் கீழ் மனு வந்தாலோ, யார் தவறு என்ற கேள்வியே எழாது: மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய்.

குற்ற வழக்கின் விடுதலையை நம்புவது

குற்ற வழக்கில் விடுதலையானாலும், இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அது கட்டுப்படுத்தாது.

கூட்டத்துக்கு அஞ்சி மறைவது

அஞ்சினால் நேராகக் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் மட்டும் சொல்வது

சட்டம் எழுத்தில் கேட்கிறது: பாலிசி எண்ணும் அதன் காலமும், விபத்தின் நாள், நேரம், இடம், காயமடைந்தவரின் விவரம், ஓட்டுநரின் பெயர், உரிம விவரம். ஜூனியரின் பத்திரத்தைக் கிழித்துவிட்டு, அன்று மாலையே இந்தக் கடிதத்தை எழுதி அனுப்பச் சொன்னேன்.