புது ஏர் பிஸ்டல்: கிரிப்பையும் ட்ரிகரையும் கைக்குப் பொருத்தும்போது செய்யக் கூடாதவை

2024-ல் பாரிஸில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியதிலிருந்து எங்கள் ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பிஸ்டல்தான் கேட்கிறார்கள். ஆறு மாதம் கிளப் பிஸ்டலில் பழகிவிட்டு, வீட்டில் பணம் சேர்த்து, சொந்தமாக ஒன்று வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய மறுநாளே கையில் ஆலன் கீயும் உப்புத்தாளுமாக உட்கார்ந்துவிடுவதைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பதறுகிறது. பிஸ்டல் கைக்குப் பொருந்தாமல் இருப்பது பெரிய சிக்கல் இல்லை, புதிதாக வாங்கினால் அப்படித்தான் இருக்கும். அதை அவசரமாக, ஒரே நாளில், எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதுதான் சிக்கல். அப்புறம் எது எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

முதலில் பாதுகாப்பு. இதை எல்லோரும் தெரியும் தெரியும் என்று தாண்டிப் போகிறார்கள். கிரிப்பை, அதாவது கைப்பிடியைத் தொடுவதற்கு முன் பெல்லட், அதாவது குண்டு, உள்ளே இல்லை என்று கண்ணால் பாருங்கள், காற்று அடைத்த சிலிண்டரைக் கழற்றுங்கள், குழாயின் முழு நீளத்துக்கும் சேஃப்டி ஃபிளாக், அதாவது குழாய் காலி என்று காட்டும் நிறக் கயிறு, போடுங்கள். சிலிண்டரைக் கழற்றிய பிறகும் உள்ளே ஒரு ஷாட்டுக்கான காற்று தங்கியிருக்கலாம், அதனால் "காற்றே இல்லை" என்று நம்பிக் குழாயின் வாயை யார் பக்கமும் திருப்பாதீர்கள். ட்ரிகர் திருகைத் திருப்பும்போது விரலும் சாவியும் ட்ரிகருக்குள்ளேதான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, கிரிப்புக்கு வருவோம். ட்ரிகர் சரியில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் ட்ரிகரில் ஒன்றும் இருக்காது, கிரிப்தான் கையைத் தப்பான இடத்தில் நிறுத்தியிருக்கும். கை தப்பான இடத்தில் இருந்தால் விரல் எட்டாது, எட்டாத விரலை எட்ட வைக்க மணிக்கட்டைத் திருப்புவோம், மணிக்கட்டு திரும்பினால் சைட், அதாவது குறி பார்க்கும் முனைகளின் வரிசை, கலையும். அதனால் கிரிப் முடியும்வரை ட்ரிகர் திருகைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 10 மீட்டர் தள்ளி, அதாவது அந்த நீளத்தைப் போல முப்பது மடங்கு. கை மொத்தமாக 1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் பெல்லட்டும் 1 மில்லிமீட்டர்தான் நகரும், ஒன்றும் ஆகாது. ஆனால் பின் சைட் அப்படியே இருக்க, முன் சைட் மட்டும் 1 மில்லிமீட்டர் விலகினால் பெல்லட் 30 மில்லிமீட்டர் விலகும். பத்து வளையத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான், 30 மில்லிமீட்டர் விலகிய ஷாட் ஏழில் போய் நிற்கும். கை ஆடுவதால் நாம் இழப்பது கொஞ்சம். பிஸ்டல் கைக்குள் திரும்புவதால் இழப்பதுதான் அதிகம். கிரிப் என்கிற மரத்துண்டின் ஒரே வேலை அந்தத் திருப்பத்தைத் தடுப்பதுதான்.

அளவில் நடக்கும் தவறு: பதிமூன்று வயசுப் பிள்ளைக்கு, "வளர்கிற கைதானே" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. பள்ளிக்கூடச் சட்டைக்குச் சரி, கிரிப்புக்குச் சரிவராது. பெரிய கிரிப்பில் பிள்ளையின் விரல் ட்ரிகரை எட்டாது, எட்டுவதற்காக உள்ளங்கையைச் சுற்றிக் கொண்டுபோகும், அந்தப் பிடியே பழகிவிடும். பிறகு சரியான கிரிப் கொடுத்தாலும் கை பழைய இடத்துக்கே போகும். வாங்குவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் கையை வைத்து வரைந்து, மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரையும், விரல்களுக்குக் கீழே உள்ளங்கையின் அகலத்தையும் அளந்து, அந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் நான் சின்னதைத்தான் எடுக்கச் சொல்வேன். மரப்புட்டி வைத்து ஏற்றியதைச் சுரண்டி எடுத்துவிடலாம், அரத்தால் போன மரம் திரும்பாது.

பழைய பிஸ்டல் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. நம் ஊரில் சீனியர்களிடமிருந்து கைமாறி வரும் பிஸ்டல்கள் நிறைய. அந்தக் கிரிப் அவர்கள் கைக்காகச் செதுக்கியது. "நல்லா சுடுற அண்ணனோட கிரிப்" என்று அதற்குள் உங்கள் கையைத் திணிக்காதீர்கள். புதுக் கிரிப் ஒன்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக்கொண்டு பேரம் பேசுங்கள்.

இப்போது செதுக்கும் வேலை. இதில் நானே ஒரு கிரிப்பை நாசம் பண்ணியிருக்கிறேன். கட்டைவிரல் அடியில் உறுத்துகிறது என்று அந்த இடத்தையே தேய்த்துக்கொண்டு போனேன், தேய்க்கத் தேய்க்க உறுத்தல் கூடியது. இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது: அடியில் இருக்கும் பாம் ஷெல்ஃப், அதாவது உள்ளங்கையின் அடிப்பக்கத்தைத் தாங்கும் பலகை, மேலே ஏறிப்போய்க் கையை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. வலித்த இடம் ஒன்று, காரணம் இருந்த இடம் வேறு. அதனால் உறுத்துகிற இடத்தை உடனே தேய்க்காதீர்கள். உள்ளங்கையில் சாக்பீஸ் தூளைத் தடவி, பிஸ்டலைப் பிடித்து, ஒரு நிமிஷம் நீட்டி நின்று, கையை எடுத்துப் பாருங்கள். எங்கே தூள் அழுத்தமாக ஒட்டியிருக்கிறது, எங்கே ஒட்டவே இல்லை என்பது மரத்திலேயே தெரியும். ஒட்டாத இடத்துக்குப் புட்டி, அளவுக்கு மீறி ஒட்டிய இடத்துக்கு உப்புத்தாள். தேய்ப்பது இரண்டு நிமிஷம் என்றால் பிடித்துப் பார்ப்பது பத்து நிமிஷமாக இருக்கட்டும்.

கிரிப்பைக் கழற்றாமல் தேய்க்கவே கூடாது. மரத்தூள் ட்ரிகர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், எலக்ட்ரானிக் ட்ரிகர் என்றால் உள்ளே மின்தொடர்புகளும் இருக்கும், இன்னும் மோசம். தேய்த்து முடித்ததும் அழகுக்காக வார்னிஷ் பூசுகிறவர்களும் உண்டு. சென்னை மே மாதத்தில் வியர்த்த கையோடு வார்னிஷ் பூசிய மரத்தைப் பிடித்துப் பாருங்கள், சோப்பைப் பிடித்த மாதிரி வழுக்கும். சொரசொரப்பாகவே விடுங்கள்.

பாம் ஷெல்ஃபை இறுக்கி ஏற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கடையில், குளிர்சாதன அறையில், இறுக்கமாகப் பிடித்தால் "அப்படியே ஒட்டிக்கொள்கிறது" என்று சந்தோஷமாக இருக்கும். ஆனால் போட்டி என்பது 15 நிமிஷத் தயாரிப்பு, அப்புறம் 75 நிமிஷத்தில் 60 ஷாட். அந்த நேரத்தில் கையில் ரத்தம் இறங்கிக் கொஞ்சம் வீங்கும். முப்பதாவது ஷாட்டில் விரல் மரத்துப்போக ஆரம்பிக்கும், ஆனால் ஆள் ட்ரிகரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பார். கை உள்ளே போகும்போதும் வரும்போதும் தோல் இழுபடாமல், ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடம் இருக்க வேண்டும். பிஸ்டலைத் தாங்குவது நடுவிரலும் மோதிரவிரலும். பலகை சும்மா கைக்கு இடம் காட்டினால் போதும்.

விதியையும் மனதில் வையுங்கள். சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி ஏர் பிஸ்டல் மொத்தமாக 420 x 200 x 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. புட்டியை அப்பி அப்பி அகலம் 50 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டதைப் போட்டி அன்று காலையில் சோதனை மேஜையில் தெரிந்துகொண்டு அழுத பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். கிரிப் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது, பாம் ஷெல்ஃப் மேல்நோக்கி வளைந்து கையைக் கவ்வக் கூடாது. வீட்டிலேயே அட்டையில் அந்த அளவுக்கு ஒரு பெட்டி செய்து வைத்துக்கொண்டு, புட்டி வைக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே வைத்துப் பாருங்கள்.

கிரிப் சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு, வழக்கம்போல் நின்று, பிஸ்டலை உயர்த்தி, கை தானாக எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்திக் கண்ணைத் திறங்கள். பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவே முன் சைட் நிற்கிறதா? பத்தில் எட்டு முறை நின்றால் போதும், கிரிப் முடிந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் விலகி நின்றால் கிரிப்பின் சாய்வை மாற்றுங்கள், பல மாடல்களில் அதற்கென்றே திருகுகள் உண்டு. இங்கேதான் சிலர் சைட் திருகைத் திருப்பிச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள். சைட் திருகு பெல்லட் விழும் இடத்தைத்தான் மாற்றும், உங்கள் மணிக்கட்டை மாற்றாது.

இனி ட்ரிகர். வசதி என்றால் லேசு என்று நினைப்பது முதல் தவறு. ஏர் பிஸ்டலில் ட்ரிகர் எடை குறைந்தபட்சம் 500 கிராம் இருக்க வேண்டும். குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, 500 கிராம் எடைக்கட்டியை ட்ரிகரில் மாட்டி மேஜையிலிருந்து தூக்குவார்கள், ட்ரிகர் விடுபடாமல் எடை மேலே வர வேண்டும். சரியாக 500-ல் வைத்துவிட்டுப் போனால் ஒரு சின்ன அதிர்வு போதும், விடுபட்டுவிடும். போட்டியின் கடைசி ஷாட் முடிந்ததும் திடீர்ச் சோதனை உண்டு, அதில் தோற்றால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். நான் 520-க்குக் கீழே வைப்பதில்லை. அந்த இருபது கிராமால் ஸ்கோர் குறைந்தவர் யாரையும் இதுவரை நான் பார்த்ததில்லை.

அந்த எடையை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில்தான் சுகம் இருக்கிறது. ட்ரிகரில் இரண்டு கட்டம்: முதல் கட்டம் இழுக்க இழுக்க நகரும், பிறகு ஒரு சுவர் மாதிரி தட்டும், அதைத் தாண்டினால் ஷாட். பெரும்பகுதி எடையை முதல் கட்டத்தில் வைத்துவிட்டு, சுவரே தெரியாத அளவுக்கு இரண்டாவது கட்டத்தை மெலிதாக்கிவிடுகிறார்கள் புதியவர்கள். பெரிய வீரர்கள் அப்படி வைத்திருப்பதைக் கேள்விப்பட்டுச் செய்வது. பதற்றமான நாளில் விரல் அந்தச் சுவரை உணராது, நினைப்பதற்கு முன்பே ஷாட் போய்விடும். ஆரம்பத்தில் 350 கிராம் முதல் கட்டத்திலும் மீதி இரண்டாவதிலும் இருக்கும்படி வையுங்கள், சுவர் தெளிவாகத் தட்டட்டும். ஒரு வருஷம் கழித்து உங்கள் விரலே என்ன வேண்டும் என்று கேட்கும்.

ட்ரிகர் பிளேடை நகர்த்தலாம், திருப்பலாம், ஆனால் நிறையப் பேருக்கு அது தெரிவதே இல்லை, கையை நகர்த்திக்கொள்கிறார்கள். கை கிரிப்பில் உட்கார்ந்த பிறகு சுட்டுவிரலின் முதல் சதைப்பகுதியின் நடுவில் பிளேடு வந்து தொட வேண்டும், விரல் நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். விரலின் பக்கம் மரத்தில் உரசினால் இழுக்கும்போது பிஸ்டலையும் சேர்த்துத் தள்ளும், அந்த மரத்தைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள், தயங்கவே வேண்டாம். பிளேடை நகர்த்தினால் எடையும் மாறக்கூடும், ஏனென்றால் அது ஒரு நெம்புகோல். நகர்த்திய ஒவ்வொரு முறையும் எடைக்கட்டியால் திரும்ப அளந்து பாருங்கள்.

ஷாட் போன பிறகு ட்ரிகர் இன்னும் பின்னால் போகாமல் நிறுத்தும் திருகு ஒன்று இருக்கும். அதை மிகவும் நெருக்கி வைக்காதீர்கள். வீட்டில் நன்றாக வேலை செய்யும், ரேஞ்சில் கொஞ்சம் தூசி சேர்ந்ததும் ட்ரிகர் விடுபடாமல் நின்றுவிடும். இறுக்கிப் பார்த்து, விடுபடாத இடம் வந்ததும், அங்கிருந்து அரைத் திருப்பாவது பின்னுக்கு எடுங்கள். ஸ்பிரிங்கை வெட்டுவது, உள்ளே உலோகத்தைத் தேய்ப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம், அது பிஸ்டலைத் தானாகச் சுட வைக்கும் வேலை.

எந்தத் திருகைத் தொட்டாலும் முதலில் ஃபோனில் ஒரு படம், பிறகு ஒரு நோட்டில் தேதி, எந்தத் திருகு, எந்தப் பக்கம், எத்தனை கால் திருப்பு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மாற்றிவிட்டுப் பத்து ஷாட் சுட்டு, "முன்னாடி நல்லா இருந்துச்சு" என்று திரும்ப மாற்றுவதும் ஒரு நோய். புதுப் பிடி முதல் நாள் எப்போதும் அந்நியமாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் விடுங்கள், அதில் பாதி டிரை ஃபயராக, அதாவது பெல்லட் இல்லாமல் ட்ரிகரை மட்டும் இழுக்கும் பயிற்சியாக இருக்கட்டும், வெள்ளைச் சுவரைப் பார்த்து, பிஸ்டலில் அதற்கென இருக்கும் முறையில் மட்டும். ட்ரிகர் விடுபடும் நொடியில் முன் சைட் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

வலி மட்டும் காத்திருக்கக் கூடாதது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் மரத்துப்போனாலோ, முழங்கை வெளிப்பக்கம் வலித்தாலோ, அன்றைக்கே பிஸ்டலைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கோச்சிடம் கையையும் கிரிப்பையும் சேர்த்துக் காட்டுங்கள்.