பாரிஸிலிருந்து மிலானுக்கு: பாஸ் இருந்தும் சீட் கிடைக்காதபோது

நண்பர்கள் நான்கு பேர், கையில் ஐரோப்பா முழுவதுக்குமான ரயில் பாஸ். ஆனால் பாஸோடு சீட் முன்பதிவும் கட்டாயமான பாரிஸ்–மிலான் அதிவேக ரயிலில் எந்தத் தேதிக்குத் தேடினாலும் பாஸ்காரர்களுக்கு இடம் இல்லை என்றே வந்தது. தேதியை மாற்றினோம், இரண்டிரண்டு பேராகத் தேடினோம், ஸ்டேஷன் கவுண்டரிலும் நின்றோம். மூன்று நாள் போனது.

அதே ரயிலில் முழுக் கட்டண டிக்கெட் விற்றுக்கொண்டுதான் இருந்தது! பாஸ்காரர்களுக்கு என்று தனி ஒதுக்கீடு. அது தீர்ந்தால் ரயில் காலியாக ஓடினாலும் நமக்கு இடமில்லை.

அப்புறம் ரயில் பாஸின் செயலியில் 'முன்பதிவு கட்டாயமில்லாத ரயில்கள்' என்ற வடிகட்டியைப் போட்டோம். வழி திறந்தது. பாரிஸிலிருந்து லியோனுக்கு டிஇஆர் (பிரான்ஸின் வட்டார ரயில்) வண்டி, சுமார் 5 மணி நேரம். அங்கிருந்து ஜெனீவா 2 மணி நேரம். இரவு அங்கே தங்கல். மறுநாள் இத்தாலி எல்லைக்கு அருகிலுள்ள சுவிஸ் ஊரான பிரிக்.

இங்கேதான் கவனம் தேவை. ஜெனீவாவிலிருந்து நேரே மிலான் போகும் ரயிலில் எல்லை தாண்ட முன்பதிவு வேண்டும். அதனால் பிரிக்கில் இறங்கி, எல்லைக்கு அப்பால் இத்தாலியில் இருக்கும் டோமோடோசோலாவுக்கு வட்டார ரயில், அங்கே மாறி மிலானுக்கு இன்னொன்று. இரண்டுக்கும் பாஸே போதும். பாஸ் அனுமதிக்கும் பயண நாட்களில் இரண்டு கழிந்தன, முன்பதிவுக் கட்டணம் ஒரு யூரோகூட இல்லை.