டாக்டர் ஹூ: எந்த ஏலியனிலிருந்து ஆரம்பிப்பது?

டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவு டிவி தொடரைப் பார்க்கலாம் என்று உட்காருகிறவர்கள் பலர் செய்கிற தப்பு ஒன்று உண்டு. 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் வந்த முதல் எபிசோடைத் தேடிப்பிடித்து, அங்கிருந்து வரிசையாகப் பார்ப்பது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கற்காலக் கூட்டம் ஒன்று நெருப்புக்காக அடித்துக்கொள்ளும் அந்தக் கதையில், மூன்றாவது எபிசோடிலேயே தூங்கிப்போனேன். ரொம்ப நாள் கழித்து வேறு வாசல் வழியாக உள்ளே போனேன்: வரிசையை விட்டுவிட்டு, ஏலியன்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டேன். அந்த வழிதான் இது.

படி 1: 2005-இல் நுழையுங்கள்

தொடர் 1989-இல் நின்றுபோனது. நடுவில் 1996-இல் ஒரு டிவி படம், அப்புறம் 2005-இல் மறுபடி தொடர். அந்த 2005 சீசன் புது ஆட்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது. அதன் முதல் எபிசோடைப் பார்த்துவிடுங்கள். தெரிந்துகொள்ள வேண்டிய முதல் ஏலியன் தொடரின் நாயகரான டாக்டரேதான். கேலிஃப்ரே கிரகத்து டைம் லார்ட், அதாவது காலத்தில் பயணிக்கும் இனத்தவர், இரண்டு இதயம். அவருடைய கால இயந்திரமான டார்டிஸ், வெளியே நீல நிற போலீஸ் பெட்டி, உள்ளே மாளிகை. சாகும் நிலைக்கு வந்தால் வேறு முகத்தோடு எழுந்துவிடுவார். முதலில் நடித்த வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நிலை மோசமானபோது, 1966-இல் நடிகரை மாற்றக் கண்டுபிடித்த வழி அது. அதனால் சீசனுக்கு சீசன் டாக்டர் ஆள் மாறினால் குழம்பாதீர்கள்.

படி 2: ஒரு நோட்டு எடுங்கள்

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஏலியனுக்கும் மூன்று வரி: எங்கிருந்து வந்தது, அதன் விதி என்ன, எதில் மாட்டும் (அதாவது பலவீனம்). நடு வரிதான் முக்கியம். பழைய காலத்தில் இந்தத் தொடருக்குப் பணம் கம்மி. ரப்பர் முகமூடி பயமுறுத்தாத இடத்தில் விதி பயமுறுத்த வேண்டியிருந்தது. இதில் நிலைத்து நின்ற ஏலியன்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வரியில் சொல்லக்கூடிய விதி இருக்கும்.

படி 3: ஒரே ஒரு டாலெக்

டாக்டரின் பழைய எதிரிகளான டாலெக்குகளைப் படையாகப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். கக்கூஸ் அடைப்பு எடுக்கும் ரப்பர் கப்பைக் கையாக வைத்துக்கொண்டு மிளகுக் குப்பிகள் கூட்டமாக உருளுவதுபோல இருக்கும், சிரித்துவிடுவீர்கள். 2005 சீசனின் ஆறாவது எபிசோட் போடுங்கள். தலைப்பே ‘டாலெக்’. பூமிக்கு அடியில் பணக்காரர் ஒருவரின் தனி அருங்காட்சியகம். சங்கிலியில் கட்டிய ஏலியன் ஒன்றுக்கு உதவத்தான் டாக்டர் இருட்டறைக்குள் போகிறார். எதிரே ஒரு நீல விளக்கு எரிகிறது. அதுவரை எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர், கதவைத் திறக்கச் சொல்லிக் கத்துகிறார். டாலெக்கைப் பற்றி நமக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. அவர் முகமே போதும்.

அதே எபிசோடில் மாடிப்படி வருகிறது. உருளுகிற ஜந்து படி ஏறாது என்பது பழைய கேலி. அப்புறம் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

நோட்டில்: ஸ்காரோ கிரகம். விதி: டாலெக் அல்லாத எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது. உலோகக் கூட்டுக்குள் இருப்பது இயந்திரம் இல்லை, உருக்குலைந்த ஓர் உயிர். மூன்றாவது வரியை எபிசோட் முடிந்ததும் நீங்களே எழுதுங்கள்.

படி 4: அழும் தேவதைகள், ராத்திரியில்

2007-இல் வந்த ‘பிளிங்க்’. டாக்டர் இதில் கொஞ்ச நேரமே வருகிறார், அதனால் முன்கதை எதுவும் வேண்டாம். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் இவை வெறும் கற்சிலை. கண் சிமிட்டினால் பக்கத்தில் வந்துவிடும். தொட்டால் உங்களைக் கடந்த காலத்துக்குத் தள்ளிவிட்டு, நீங்கள் இங்கே வாழ வேண்டிய மீதி நாட்களைத் தின்னும். ஒன்றையொன்று பார்த்துவிட்டால் உறைந்துவிடும் என்பதால்தான் கையால் முகத்தை மூடியிருக்கின்றன, அழுகையெல்லாம் இல்லை.

அவை அசைவதை இந்த எபிசோடில் ஒரு தடவைகூடக் காட்டவில்லை. 2010-இல் ஒரு கதையில் தலை திரும்புவதைக் காட்டினார்கள். அன்றோடு எனக்கு அவற்றின் மேல் இருந்த பயம் பாதி போய்விட்டது.

படி 5: மனசு கனக்கும் இரண்டு

சைபர்மேன் 1966-இல் வந்தது. உருவாக்கியவர்களில் ஒருவரான கிட் பெட்லர் மருத்துவ விஞ்ஞானி. உறுப்பு உறுப்பாக இயந்திரமாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் மனிதன் மிஞ்சுவானா என்ற கவலையில் பிறந்தது. 2006-இல் வந்த இரண்டு பாகக் கதையைப் பாருங்கள். இரண்டாம் பாகத்தில் கீழே கிடக்கும் சைபர்மேனின் உணர்ச்சித் தடுப்பான் உடைந்துபோகிறது. உள்ளே இருப்பது மறுநாள் கல்யாணம் ஆகவேண்டிய பெண். ‘குளிருது’ என்கிறாள். விதி: வலிக்காமல் இருக்க உணர்ச்சியையே எடுத்துவிடு.

அடுத்து ஊட். வாய் இருக்கும் இடத்தில் விழுதுகள், கையில் ஒரு வெள்ளை உருண்டை. மனிதர்களுக்குப் பணிந்து பரிமாறிக்கொண்டிருக்கும். பார்த்தவுடன் வில்லன் என்று நினைப்போம். 2008-இல் அவற்றின் கிரகத்துக்குப் போகும் கதை வருகிறது. பிறக்கும்போது ஊட்கள் தங்கள் மூளையின் ஒரு பகுதியைக் கையில் ஏந்தியிருக்கும். கம்பெனிக்காரர்கள் அதை வெட்டிவிட்டு அந்த உருண்டையை மாட்டுகிறார்கள். நோட்டில் ‘எதில் மாட்டும்’ என்ற வரிக்கு நேரே நான் மனிதர்கள் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

படி 6: சிரிப்புக்கு

ஸ்லிதீன் இனத்தின் பெயர் இல்லை, குடும்பப் பெயர். ஊர் ராக்ஸாகோரிகோஃபாலபடோரியஸ், ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். மனிதத் தோலுக்குள் புகுந்து நெற்றியில் ஜிப் போட்டுக்கொள்வார்கள், ஓயாமல் காற்று பிரியும். வினிகர் பட்டால் வெடித்துவிடுவார்கள். சொன்டாரன்கள் உருளைக்கிழங்குத் தலைச் சிப்பாய்கள், எல்லாரும் குளோன். பலவீனம் பின்கழுத்தில் ஒரு துளை. அதனால் எதிரிக்கு முதுகு காட்டவே மாட்டார்கள். அதையே வீரம் என்று பெருமையும் பேசுவார்கள்.

படி 7: இப்போது பின்னால் போங்கள்

1975-இல் டாலெக்குகள் எப்படி உருவாயின என்று சொல்லும் ஆறு பாகக் கதை வந்தது, அவற்றைப் படைத்த டாவ்ரோஸ் அதில்தான் முதன்முறை வருகிறார். அது முடிந்ததும் 1963 டிசம்பரில் வந்த முதல் டாலெக் கதை. மெதுவாகத்தான் போகும், பொறுங்கள். முதல் பாகத்தின் கடைசியில் பார்பரா என்கிற ஆசிரியை உலோக நடைபாதையில் தனியாக மாட்டிக்கொள்கிறார். கேமரா அவரை நோக்கி நகர்கிறது. ஃபிரேமின் ஓரத்தில் அந்த ரப்பர் கப் மட்டும் தெரிகிறது. அவர் அலறுகிறார், எபிசோட் முடிகிறது. அது என்னவென்று தெரிய அன்று பார்த்தவர்கள் ஒரு வாரம் காத்திருந்தார்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சிரிப்பு வருகிறதா என்று பாருங்கள்.