மின்கோபுரம் வரும் மேட்டில் அகழாய்வு: டெல்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவில் உயரழுத்த மின்பாதை போடுபவரும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே குடியேறியவரும் தேடியது ஒரே மாதிரி இடத்தைத்தான்: வெள்ளம் ஏறாத மேட்டுத் திடல். நடுவயலில் டவர் என்றால் விவசாயி சம்மதிக்க மாட்டார். புறம்போக்கு மேடு என்றால் கேட்க ஆளில்லை. அதனால் டவர் மேட்டுக்கு நகர்கிறது. பழைய குடியிருப்பும் முதுமக்கள் தாழிகளும் இருக்க அதிக வாய்ப்புள்ள இடமும் அதுதான்.

ஆகவே டவருக்கு இடம் குறித்து முடித்த பிறகு தொல்லியலாளரைக் கூப்பிடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் கூட. 400 கிலோவோல்ட் பாதையில் இரண்டு டவர்களுக்கு நடுவே ஏறக்குறைய 400 மீட்டர் இருக்கும். வரைபடமாக இருக்கும்போதே ஒரு டவரைச் சற்றுத் தள்ளிவிடலாம். பக்கத்து டவருக்கு கான்கிரீட் போட்ட பிறகு அது நடக்காது. தோண்டாமல் தப்பவிடுவது அகழாய்வைவிட எப்போதும் நல்லது, கலைத்த மண்ணடுக்கை யாராலும் திரும்ப அடுக்க முடியாது.

'பாதுகாக்கப்பட்ட சின்னம் எதுவும் பக்கத்தில் இல்லை' என்று கோப்பை மூடுவதும் தவறு. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி தேவை என்கிறது சட்டம். ஆனால் வரலாற்றுக்கு முற்பட்ட இடங்களில் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லை. மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் 2006-ல் கிடைத்த கற்கோடரி, ஒரு பள்ளி ஆசிரியர் தன் வீட்டுத் தோட்டத்தில் கன்று நடக் குழி தோண்டியபோது வந்தது. அதிலிருந்த நான்கு குறிகளை சிந்துவெளி எழுத்துகள் என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் வாசித்தார். அவர் வாசிப்பை ஏற்காதவர்களும் உண்டு. கோடரி கிடைத்ததில் சந்தேகமில்லை.

அந்தக் கோடரி இன்னொன்றையும் சொல்கிறது. கீழ் டெல்டா முழுக்க வண்டலும் களியும்தான், கல் தானாக அங்கே வராது. குழியில் விரலளவு கல் வந்தாலும் யாரோ கொண்டுவந்தது என்றே முதலில் நினைக்க வேண்டும். அதை ஜல்லி என்று வீசிவிடக் கூடாது.

அகழாய்வாளர்களே செய்யும் தவறு ஒன்று உண்டு: பானை ஓடு வருவது நின்றதும் 'கன்னி மண் (மனிதர் புழங்காத இயற்கை மண்) வந்துவிட்டது' என்று குழியை முடித்துவிடுவது. டெல்டாவுக்கு வெளியே மேட்டுநிலத்தில் அது பெரும்பாலும் சரி. இங்கே அப்படியில்லை. ஆறு கரை உடைத்து வந்த வெள்ளம் குடியிருப்பின் மேல் மணலைப் போர்த்தியிருக்கும், மக்கள் திரும்பி வந்து அதன் மேலேயே வீடு கட்டியிருப்பார்கள். ஒன்றுமில்லாத மணலுக்குக் கீழே இன்னும் பழைய தரை இருக்கலாம். கைத்துளைப்பானை இறக்கி அடிமண்ணைப் பார்க்காமல் குழியை மூடக் கூடாது. டவர் கால்கள் சில மீட்டர் ஆழம் போகும், பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) அடித்தளம் என்றால் இன்னும் ஆழம். நாம் பார்க்காமல் விட்ட அடுக்கை அவை துளைத்துவிடும்.

காலக்கணக்கும் முக்கியம். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததிலிருந்து, வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும் வரைதான் குழிக்கு நல்ல நேரம். அப்புறம் ஊற்று சுரக்கும், பக்கச்சுவர் சரியும், அடுக்கைப் படிக்கவே முடியாது. ஒப்பந்தத் தேதியைப் பார்த்து அகழாய்வைப் பருவமழையில் வைத்தால் அது பெயருக்கு நடந்ததாகத்தான் இருக்கும்.

காலம் கணிக்க உதவும் கரித்துண்டை வெறுங்கையால் எடுக்காதீர்கள், அலுமினியத் தாளில் பொதியுங்கள். தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள், எலும்பும் தானியமும் அதில்தான் இருக்கும்.

டவர் குழியை மட்டும் ஆய்ந்துவிட்டு, கிரேன் வரும் பாதையை மறப்பதும் நடக்கிறது. அந்தப் பாதையை உயர்த்த, பக்கத்து மேட்டிலிருந்தே மண் வெட்டிப் போடுவார்கள். எங்கிருந்து மண் எடுப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.